செட்டிநாட்டு ஹோம்ஸ்டே: புக்கிங் ரெக்வஸ்ட்டை எப்படிப் பார்த்து ஏற்பது?

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் பழைய வீட்டில் இரண்டு மூன்று அறைகளை ஒழுங்குபடுத்தி வாடகைக்கு விடுபவர்களுக்கு முதலில் வரும் பயம், திருடன் யாரும் வந்துவிடுவானோ என்பதுதான். ஆனால் இங்கே வழக்கமான தலைவலி வேறு. இரண்டு பேர் என்று புக் செய்துவிட்டு, பன்னிரண்டு பேர் கேமராவும் லைட்டுமாக முகப்பில் வந்து இறங்குவார்கள். ஆகவே வருகிறவர் நல்லவரா என்று துப்பறிய வேண்டியதில்லை. அவர் வரும் காரியத்துக்கு உங்கள் வீடு தோதுப்படுமா என்று பார்த்தால் போதும்.

படி 1: ரெக்வஸ்ட் வரும் முன்பே

தொடக்கத்தில் இன்ஸ்டன்ட் புக்கை (நீங்கள் ஏற்காமலே புக்கிங் உறுதியாகிவிடும் வசதி) அணைத்து வையுங்கள். தங்கும் வீடுகளைப் புக் செய்யும் தளமான ஏர்பிஎன்பியில் ரெக்வஸ்ட் வந்தால் பதில் சொல்ல 24 மணி நேரம் உண்டு. அதற்குள் ஏற்காமலும் மறுக்காமலும் விட்டால் அது காலாவதியாகி, உங்கள் பதில் விகிதமும் இறங்கும்.

பிறகு காலண்டர். பங்காளிகள் பொதுவில் வைத்திருக்கும் வீடு என்றால் அவர்களிடம் முதலில் பேசிவிடுங்கள். படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு), வீட்டுக் கல்யாணம், தைப்பூசம், பிள்ளையார்பட்டி சதுர்த்தி என்று குடும்பம் வந்து தங்கும் நாட்களை முன்கூட்டியே பூட்டி வையுங்கள். ஏற்றுக்கொண்ட புக்கிங்கை ஹோஸ்ட் ரத்து செய்தால் அபராதம் வரலாம், ரேட்டிங்கும் அடி வாங்கும். “சித்தப்பா திடீரென்று வருகிறார்” என்ற காரணமெல்லாம் அங்கே எடுபடாது.

வீட்டு விதிகளை எழுத்தில் போடுங்கள்: இரவு தங்குபவர் எத்தனை பேர், பகலில் வந்து போகிறவர் எத்தனை பேர், ஷூட்டிங் உண்டா, விசேஷம் உண்டா, அசைவமும் மதுவும் உண்டா, எத்தனை மணிக்குள் வர வேண்டும். எழுதாத விதியைக் காட்டி மறுத்தால் சண்டைதான் மிஞ்சும்.

படி 2: செய்தியைப் படிக்கும் விதம்

ஓர் எடுத்துக்காட்டு (வளவு என்பது வீட்டின் உள்முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்):

“ஹாய், 2 பேர், 1 நைட். வளவு முழுக்க யூஸ் பண்ணிக்கலாமா? காலைல வெளிச்சம் எந்தப் பக்கம் வரும்?”

தூங்க வருகிறவர் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்பது அரிது. கல்யாணத்துக்கு முந்தைய போட்டோஷூட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது குற்றமில்லை, விலைதான் வேறு. ஷூட்டுக்குத் தனிக் கட்டணம் வைத்து, என்னென்ன கூடாது என்று சொல்லிவிட்டால் இரு தரப்புக்கும் நல்லது. மஞ்சள் நலங்கு வைத்தால் தரையில் பதித்த ஆத்தங்குடி கல்லில் கறை ஊறிவிடும். சிமென்ட்டில் செய்த கல் என்பதால் அதைப் போக்க எலுமிச்சையோ ஆசிட்டோ போட்டால் நிறமும் மினுமினுப்பும் சேர்ந்து போய்விடும். முட்டை வெள்ளைக்கருப் பூச்சுச் சுவரில் டேப் ஒட்டி உரித்தால் பூச்சும் சேர்ந்து வரும். கலர் புகைக் குச்சிகளை வளவுக்குள் அனுமதிக்கவே வேண்டாம்.

உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரே ஒரு சனிக்கிழமை இரவுக்கு மட்டும் கேட்டால் பார்ட்டியாக இருக்கலாம். கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்களைத் தங்க வைக்கவும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏர்பிஎன்பி 2022-லிருந்தே பார்ட்டிகளை நிரந்தரமாகத் தடை செய்திருப்பதால், அந்தத் தளத்தில் மறுக்க அதுவே போதுமான காரணம்.

ரிவ்யூ இல்லாத புதுக் கணக்கு என்றால் உடனே சந்தேகப்படாதீர்கள். பிள்ளையார்பட்டிக்குக் குடும்பத்தோடு வருகிற பலர் அப்போதுதான் முதல் முறையாகக் கணக்குத் தொடங்கியிருப்பார்கள். மகன் சிங்கப்பூரிலிருந்து பெற்றோருக்காகப் புக் செய்வதும் நடக்கும். பொதுவாகத் தங்குகிறவரே புக் செய்ய வேண்டும் என்பது ஏர்பிஎன்பி விதி, ஆகவே பெற்றோர் பெயரிலேயே கணக்குத் தொடங்கிக் கேட்கச் சொல்லுங்கள்.

படி 3: ஒரே பதிலில் எல்லாக் கேள்வியும்

தனித்தனியாகக் கேட்டால் விசாரணை மாதிரி தோன்றும். இதை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்:

“வணக்கம், எங்கள் வீட்டில் தங்க விரும்பியதற்கு நன்றி. குழந்தைகள் உட்பட மொத்தம் எத்தனை பேர்? பகலில் யாராவது வந்து போவார்களா? கோயில், கல்யாணம், சுற்றிப் பார்ப்பது, ஷூட் – எதற்காக வருகிறீர்கள்? எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள்? உங்களோடு வரும் பெரியவர்களுக்குப் படி ஏறுவதில் சிரமம் உண்டா? வீட்டு விதிகளைப் படித்துவிட்டு ‘சம்மதம்’ என்று பதில் போட்டால் உடனே உறுதி செய்கிறோம்.”

நேரத்தைக் கேட்பது சும்மா இல்லை. சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வருகிறவர் இரவில்தான் இறங்குவார், சாவி கொடுக்க ஆள் வேண்டும். படிக் கேள்விக்கும் காரணம் உண்டு: முகப்புக்கும் வளவுக்கும் நடுவில் உயர நிலைப்படி இருக்கும் வீட்டில் சக்கர நாற்காலி நகராது. முன்பே சொல்லிவிட்டால் முடிவை அவர்களே எடுப்பார்கள்.

ஆள் கணக்கில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நம் நாட்டில் நகரங்களுக்குத் திட்டமிடும் அளவு. பன்னிரண்டு பேர் என்றால் 1,620 லிட்டர். மாடியில் 1,000 லிட்டர் டேங்க் இருந்தால் சாயங்காலத்துக்குள் குழாயில் காற்றுதான் வரும்.

பதிலே போடாமல் “சீக்கிரம் அக்செப்ட் பண்ணுங்க” என்று மட்டும் அவசரப்படுத்துகிறவரை ஏற்க வேண்டாம்.

படி 4: பணம்

“கமிஷன் மிச்சம், நேரில் தந்துவிடுகிறேன்” என்பவருக்கு ஒரே பதில்: தளத்திலேயே புக் செய்யுங்கள். வெளியே போனால் சேதத்துக்கான பாதுகாப்பும் போய்விடும்.

போனில் நேரடியாக வரும் புக்கிங்கில் கவனம். ராணுவ அதிகாரி என்று சொல்லி, அடையாள அட்டைப் படம் அனுப்பி, “அட்வான்ஸ் வர இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க” என்பது பழகிப்போன மோசடி. யுபிஐ-யில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.

படி 5: மறுப்பது

சாதி, மதம், பெயர், மொழி பார்த்து மறுக்கக் கூடாது. ஏர்பிஎன்பி அதற்காகக் கணக்கையே நீக்கலாம். கல்யாணம் ஆகாத ஜோடி சேர்ந்து தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் கோவை வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. இருவரும் 18 வயது நிரம்பியவர்கள், இருவருக்கும் அடையாள அட்டை உண்டு என்றால் அதற்கு மேல் கேட்பது உங்கள் வேலை இல்லை.

மறுப்பதென்றால் சுருக்கமாக: “எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு மேல் தங்க வசதி இல்லை, மன்னிக்கவும்.” நீட்டி விளக்கினால் பேரம் தொடங்கும்.

படி 6: ஏற்ற பிறகு

வரும்போது 18 வயது நிரம்பியவர்கள் அனைவரும் அசல் அடையாள அட்டை கொண்டுவரச் சொல்லி முந்தின நாள் செய்தி போடுங்கள். பான் கார்டில் முகவரி இருக்காது, அதனால் வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்றைக் கேளுங்கள். ஆதார் தந்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகல் போதும். வெளிநாட்டவர் வந்தால், வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் விவரம் பதிய வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட், விசா பக்கங்களை வாசலிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அவர்கள் திருமயம் கோட்டை பார்க்கக் கிளம்பிவிட்டால் பிடிப்பது சிரமம்.