டன்கிர்க் லாரியை மாடலாகச் செய்வது எப்படி

இரண்டாம் உலகப்போரில், 1940 மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும், பிரான்சின் டன்கிர்க் கடற்கரையிலிருந்து ஜெர்மன் படையிடம் சிக்காமல் கப்பலேறித் தப்பிய பிரிட்டிஷ் படை 60,000-க்கும் அதிகமான வண்டிகளை விட்டுச் சென்றது. அதில் ஒரு பெட்ஃபோர்ட் லாரியை 1/35 அளவில் செய்கிறேன். நீங்களும் செய்வதாக இருந்தால், முதலில் இதை மனதில் வையுங்கள்: இது குண்டில் சிதைந்த வண்டி இல்லை, ஓட்டியவனே கொன்ற வண்டி.

எதிரி கையில் ஓடக்கூடாது என்று எண்ணெயையும் ரேடியேட்டர் தண்ணீரையும் வடித்துவிட்டு, எஞ்சின் இறுகி நிற்கும்வரை ஓடவிட்டார்கள். அதனால் பானெட்டைத் திறந்தே ஒட்டுங்கள். எஞ்சினுக்குக் கீழே மணலில் பளபளப்பான கரும்பழுப்பு பெயின்டை இரண்டு மூன்று தடவை ஊற்றுங்கள், ஒவ்வொரு தடவையும் காயவிட்டு. ரேடியேட்டரில் பிக்காசு குத்திய ஓட்டைக்கு ஊசியைச் சூடாக்கிக் குத்தினால் போதும். முகப்பு விளக்குகளை உடையுங்கள். டயரின் அடிப்பக்கத்தை அரத்தால் தேய்த்தால் காற்று இறங்கியது போல உட்காரும்.

புகை எதிரி விமானங்களுக்கு இடத்தைக் காட்டிவிடும் என்று பல இடங்களில் தீ வைக்கவில்லை. ஆகவே கரி வேண்டாம், துருவும் வேண்டாம்.

சில லாரிகளைக் கடலுக்குள் வரிசையாக நிறுத்தி, மணல் நிரப்பி, மேலே பலகை போட்டுப் படகுத்துறை ஆக்கினார்கள். நான் அதைத்தான் செய்கிறேன். சக்கரம் பாதி தண்ணீரில்.

அப்புறம், ஓட்டுநர் இருக்கையில் ஒரு தேநீர்க் குவளை வைத்திருக்கிறேன். மாதக்கணக்கில் அவன் வீடு அதுதானே.