கட்டிலடியிலிருந்து அரிச்சல்முனை வரை

ஹாஸ்டல் அறையில் சேர்ந்த சாமானைக் குறைத்துவிட்டு, ராமேஸ்வரத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்ப வேண்டும். முதலில் கட்டிலடி. அலமாரியில் ஆரம்பித்தால் துணியை மடித்து மடித்தே சாயங்காலம் ஆகிவிடும், ஒன்றும் குறையாது. ஹாஸ்டல் அறையில் நாம் மறந்துபோன சாமானெல்லாம் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். ராமேஸ்வரத்தில் ஈரம் முதலில் பிடிப்பதும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை டிபன் முடிந்ததும் எல்லாவற்றையும் வராந்தாவுக்கு இழுத்துப் போடுங்கள். ரூம்மேட் திட்டுவாள். அவள் கட்டிலடியையும் சேர்த்து இழுத்துவிட்டால் திட்டு குறையும்.

நான் கமுதிக்காரி. எங்கள் பக்கம் ஒரு பொருளை வெயில் தின்னும், கரையான் தின்னும். தீவில் உப்பு தின்கிறது. அதனால் ஒரு வருஷமாகத் தொடாததைத் தூக்கிப் போடு என்கிற பொது யோசனை இங்கே சரிப்படாது. ஒரு வருஷம் தொடாமல் கிடந்தால், தூக்கிப் போடுகிற நிலைமைக்கு அது தானாகவே வந்திருக்கும். கையில் எடுக்கிற ஒவ்வொன்றுக்கும் நான் வைத்திருக்கும் கேள்வி வேறு: இது உப்புக்காற்றைத் தாங்குமா? தாங்காது என்றால், இந்த செமஸ்டர் முடிவதற்குள் எனக்கு இது வேண்டியிருக்குமா? இரண்டுக்கும் இல்லை என்றால் ஊருக்கு அனுப்ப வேண்டும், அல்லது யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்.

இரும்பு விஷயத்தில் இரக்கமே வேண்டாம். அப்பா ஆசையாக வாங்கித் தந்த தகரப் பெட்டிதான் முதலில் வெளியேற வேண்டியது. பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு ஏறி, மூலையில் வைத்த வெள்ளைச் சுடிதாரில் பழுப்பாக இறங்கிவிடும். எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் தேய்த்து வெயிலில் வைத்தால் கறை கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். மூடி இறுக்கமாக உட்காரும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு, தகரப் பெட்டியை அடுத்த லீவுக்கே பஸ் ஏற்றுங்கள். லக்கேஜ் டிக்கெட் போடச் சொல்வார்கள், போட்டுவிடுங்கள். பெட்டியை விட மனசில்லை என்றால் கீலுக்கும் பூட்டுக்கும் அவ்வப்போது தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பி ஹேங்கர், துருப்பிடித்த கத்தரிக்கோல், கம்பி ஒடிந்த குடை எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு. சேஃப்டி பின், ஊக்கு, ஹேர்பின் போன்ற சில்லறைச் சாமான்களை மூடி போட்ட சின்ன டப்பாவில், ஒரு சாக்பீஸ் துண்டோடு போட்டு வைத்தால் நாள்படத் தாங்கும்.

மேசையையும் ஷெல்ஃபையும் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள். ஜன்னல் வழியாக வந்து படிவது வெறும் தூசி இல்லை, உப்பு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ராத்திரியில் போர்வை பிசுபிசுப்பதும், மேசையில் கை ஒட்டுவதும் அதனால்தான். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு தடவை, பிறகு காய்ந்த துணியால் ஒரு தடவை. கடலில் நனைந்த துணிக்கும் இதே கணக்கு. உப்பு போக நல்ல தண்ணீரில் அலசாமல் கொடியில் போட்டால் அது காய்ந்த மாதிரி இருக்கும், சாயங்காலம் மறுபடியும் ஈரமாகிவிடும். இப்படி அரைகுறையாகக் காயும் துணிதான் அறையைப் பாதி அடைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே ஜீன்ஸ் ஒன்று போதும். மழைக்காலத்தில் அது காய்வதற்குள் வாரமே முடிந்துவிடும். பருத்திச் சுடிதார், சீக்கிரம் காயும் பேன்ட், மெல்லிய துண்டு, இவை இருந்தால் சமாளிக்கலாம். கல்ச்சுரல்ஸ் நாளுக்கென்று கொண்டுவந்த ஜரிகைப் புடவையை அன்றைக்கே மடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஜரிகை கறுத்துப்போனால் அம்மாவிடம் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

ஒன்றை மட்டும் குறைக்காதீர்கள்: பக்கெட். போர் தண்ணீர் உவர்ப்பு, சோப்பு நுரைக்காது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நேரத்தில் பிடித்து வைத்தால்தான் உண்டு. இரண்டாவது பக்கெட்டை இடத்தை அடைக்கிறது என்று தூக்கிக் கொடுத்தவர்கள், தண்ணீர் வராத அன்றைக்குப் பக்கத்து அறைக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

புத்தகங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் கண்டம். வாடைக்காற்றும் மழையும் சேர்ந்தால் ரெக்கார்ட் நோட்டின் ரெக்ஸின் அட்டையில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். இந்த செமஸ்டர் புத்தகங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்டாமல், நிற்கவைத்து, நடுவில் காற்றுப் போக இடம் விட வேண்டும். பழைய நோட்டு ஜூனியருக்கு, ஜெராக்ஸ் கட்டுகள் பேப்பர் கடைக்கு. பழைய வினாத்தாள்களை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள், அவை எங்கே இருந்தாலும் உயிர் காக்கும்.

கழித்ததை எங்கே போடுவது? தீவு என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். பாம்பன் பாலம் தாண்டி வந்த சாமானெல்லாம் மறுபடியும் பாலம் தாண்டிப் போனால்தான் உண்டு, இல்லையென்றால் இந்த மணலிலேயே கிடக்கும். அக்னி தீர்த்தத்தில் குளித்தவர்கள் உடுத்தின துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அலை அதைத் திரும்பக் கரைக்கே தள்ளுகிறது, துப்புரவுப் பணியாளர்கள் அள்ளுகிறார்கள். நம் பழைய துணிக்கு அந்த வழி வேண்டாம். கிழியாததை ஜூனியர்களுக்குக் கொடுங்கள். கிழிந்த பருத்தித் துணியைப் படகு இன்ஜின் வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டுக் கொடுங்கள், எண்ணெய் துடைக்கத் துணி அவர்களுக்கு எப்போதும் வேண்டும். பாலித்தீன் பைகளைச் சேர்த்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் அதற்குத் தடை. ஆனாலும் நம் கட்டிலடியில் ஒரு பைக்குள் இன்னும் பத்துப் பை இருக்கிறது.

அறை காலியானதும் கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி அடியுங்கள், வார்டனிடம் கேட்டுக்கொண்டுதான். அதில் ஒரு துணிப்பை மாட்டியே இருக்கட்டும். தொப்பி, மெல்லிய துண்டு, தண்ணீர் பாட்டில், கடலை மிட்டாய், போனை வைக்க ஜிப் கவர், காலேஜ் ஐடி கார்டு. கடற்கரையோரம் போலீஸ் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்பார்கள், கார்டு இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். இத்தனை வேலையும் இந்தப் பைக்காகத்தான். அவுட் பாஸ் கிடைக்கிற நேரமே கொஞ்சம். துண்டைத் தேடி, தொப்பியைத் தேடி, செருப்பைத் தேடி முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது. மூன்று வருஷம் ராமேஸ்வரத்தில் படித்துவிட்டு, கோயிலையும் பஸ் ஸ்டாண்டையும் தவிர எதையும் பார்க்காமல் போன அக்காக்களை எனக்குத் தெரியும்.

எங்கே போவது என்பதைக் காற்றிடம் கேளுங்கள். என் வகுப்பில் பாம்பன்காரி ஒருத்தி இருக்கிறாள். காலையில் காலேஜ் கொடிக்கம்பத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு எந்தக் கரை நன்றாக இருக்கும் என்று சொல்லிவிடுவாள். கணக்கு ரொம்பச் சுலபம். தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வைகாசிக்கு மேல் தென்மேற்குக் காற்று, பாம்பன்காரர்கள் சொல்லும் கச்சான், வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். வாடைக் காலத்தில் அப்படியே தலைகீழ். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அதற்கு மறுபக்கத்துக் கரைக்குப் போனால் மணல் முகத்தில் அடிக்காது, உட்கார்ந்து சாப்பிடலாம்.

ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது என்றால் கந்தமாதன பர்வதம். தீவில் உயரமான இடம் அதுதான். ராமர் பாதம் இருக்கும் மண்டபத்தின் மேல் ஏறினால் நாலு பக்கமும் தென்னையும் பனையும் உடைமரமும், அதற்கப்பால் கடலும் தெரியும். எந்தத் திசையில் கடல் வெளுத்திருக்கிறது என்று பார்த்து அடுத்த வாரத்தைத் திட்டம் போட்டுக்கொள்ளலாம்.

சைக்கிள் இருந்தால் தங்கச்சிமடம் பக்கம் போங்கள். மல்லிகை நாற்றுப் பண்ணைகள் வரிசையாக இருக்கும், பல ஊர்த் தோட்டங்களுக்கு நாற்று இங்கிருந்துதான் போகிறது. அங்கிருந்து வில்லூண்டி தீர்த்தம். கடலுக்குள் நீண்ட பாலத்தின் முனையில் ஒரு கிணறு, அதில் நல்ல தண்ணீர். சுற்றிலும் உப்புத் தண்ணீர் இருக்க, அதை ஒரு வாய் குடித்துப் பார்க்காமல் வராதீர்கள்.

பாம்பனுக்கு பஸ்ஸிலேயே போகலாம். 1988இல் திறந்த சாலைப் பாலத்தில் நின்றால் 1914ஆம் வருஷத்துப் பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்திலேயே கட்டி, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் தெரியும். பழையதில் நடுப்பகுதி இரண்டு கையாகப் பிரிந்து மேலே தூக்கியது, புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். நடைபாதையில் மட்டும் நில்லுங்கள். காற்று துப்பட்டாவை இழுத்துக்கொண்டு போய்விடும், முடிந்துகொள்ளுங்கள். பாம்பனிலிருந்து குந்துக்கால் பக்கம். சிகாகோ போய்விட்டு வந்த விவேகானந்தர் 1897 ஜனவரி 26இல் இறங்கிய இடம் அது, இப்போது நினைவு மண்டபம் இருக்கிறது. எதிரே தெரிவது குருசடைத் தீவு. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. யாராவது படகில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

தனுஷ்கோடிக்கு சைக்கிள் வேண்டாம். நிலம் தென்கிழக்காக நீண்டு கிடப்பதால் கச்சானும் வாடையும் இரண்டுமே பக்கவாட்டில்தான் அடிக்கும், போகும்போதும் வரும்போதும். காற்றில் மணல் ரோட்டின் மேல் பறந்து ஓடும். பஸ்ஸில் தீவு முடிகிற அரிச்சல்முனை வரை போய், திரும்பும்போது பழைய ஊரில் இறங்கி நடங்கள். 1964 டிசம்பர் புயலில் போன ஊர். சர்ச்சின் சுவர்களும் ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கின்றன, பக்கத்திலேயே ஓலைக் குடிசைகளில் மீன்பிடிக் குடும்பங்கள் இருக்கின்றன. மணலில் கொஞ்சம் ஆழத்திலேயே அவர்கள் நல்ல தண்ணீர் ஊற்று தோண்டிக் குடிக்கிறார்கள். அந்த ஊற்றில் கால் கழுவ நினைக்காதீர்கள். முனையில் கடலில் இறங்கவே வேண்டாம், இரண்டு கடலின் இழுப்பும் அங்கே சேர்கிறது. இருட்டுவதற்கு முன்பே எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் காலையில் போவதுதான் லாபம். தை, மாசியில் கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்கும். ரோட்டோரமே நின்று பாருங்கள், செல்ஃபிக்காகச் சேற்றில் இறங்கி ஓடினால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும்.

முழு நாள் கிடைத்தால் பாலம் தாண்டி அரியமான். சுந்தரமுடையான் பக்கம், சவுக்குத் தோப்பு நிழல், கச்சான் காலத்தில் அலையே இல்லாத வடகடல். வெயில் காலத்தில் போனால் வழியில் நுங்கு, தை மாதம் போனால் பனங்கிழங்கு.

நடக்கும்போது பார்த்துக் கால் வையுங்கள். மணல்மேட்டில் ராவணன் மீசை ஊசி மாதிரி குத்தும், அடம்பங்கொடி தடுக்கும், உடைமுள் செருப்பையே துளைக்கும். தண்ணீருக்குள் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே போனால் மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போகும். கரையில் ஒதுங்கிய சொறியை, அதாவது ஜெல்லி மீனை, செத்ததுதானே என்று தொடாதீர்கள், காய்ந்த பிறகும் அரிக்கும்.

திரும்பி வரும்போது பையில் எதுவும் கூடியிருக்கக் கூடாது. பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. செத்துக் காய்ந்து கரையில் கிடந்தாலும் எடுத்தால் குற்றம்தான். சங்கிலும் சில வகைகள் அதில் உண்டு, எது எதென்று நமக்குப் பிரித்துச் சொல்ல வராது. அதனால் எதையும் எடுக்காமல் இருப்பதே சுலபம். அதுவும் போக, உள்ளே பூச்சி செத்துப்போன சங்கை மேசை இழுப்பறையில் போட்டு வைத்தால் மூன்றாவது நாள் அறை முழுக்க நாறும். கட்டிலடியைக் காலி செய்தபோது எங்கள் அறையில் கிடைத்ததில் பாதி இப்படிச் சேர்ந்த கிளிஞ்சல்தான், யாரும் அதை மறுபடி எடுத்துப் பார்க்கவே இல்லை.

வந்ததும் செருப்பை வெளியிலேயே தட்டுங்கள். பையைத் தலைகீழாக உதறிவிட்டுக் கொக்கியில் மாட்டுங்கள், துண்டை மட்டும் அலசிப் போட்டால் போதும். சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நாளைக்குச் செயின் செம்பட்டையாகி இருக்கும். குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தால்? அதற்குத்தான் இரண்டாவது பக்கெட்.