காவிரியில் ஒரு பரமபதம்: வீட்டிலேயே செய்து விளையாடலாம்

மகளை வீட்டிலேயே படிக்கவைக்க ஆரம்பித்த புதிதில், விளையாட்டு வழியாகப் பாடம் என்று நான் செய்தது சுத்தப் பித்தலாட்டம். சார்ட் அட்டையில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு கேள்விச் சீட்டு வைத்தேன், மேட்டூர் அணை எந்த ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது என்பது மாதிரி. சரியாகச் சொன்னால் இரண்டு கட்டம் தாவலாம். இரண்டாவது நாள், "அம்மா, இது டெஸ்ட்தானே?" என்று கேட்டுவிட்டு அட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிறது!

அப்புறம்தான் புரிந்தது. கேள்வியில் பாடத்தை வைக்கக் கூடாது, விதியில் வைக்க வேண்டும். ஆறு எப்படி ஓடுகிறதோ அதுவே ஆட்டத்தின் விதியாக இருந்தால், ஜெயிப்பதற்காகவாவது ஆற்றைப் புரிந்துகொள்வார்கள். நாங்கள் காவிரியை எடுத்துக்கொண்டோம். ஒரு சாயங்காலத்தில் நீங்களும் செய்துவிடலாம்.

முதலில் பலகை

தேவையானவை: சார்ட் அட்டை, தென்னிந்திய வரைபடம், தையல் நூல், ஆறு சோழி, இரண்டு கைப்பிடி புளியங்கொட்டை, இரண்டு கிண்ணம், ஆளுக்கொரு பாட்டில் மூடி. சோழி இல்லையென்றால் தாயக்கட்டை போதும்.

வரைபடத்தில் தலைக்காவேரியிலிருந்து பூம்புகார் வரை ஆறு வளைகிற மாதிரியே நூலை வளைத்து வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைதான் வைக்க வேண்டும், நீங்கள் வாங்கி வைக்காதீர்கள். பிறகு நூலை நிமிர்த்தி அளந்து 80 பாகமாகப் பிரியுங்கள். காவிரியின் நீளம் ஏறக்குறைய 800 கிலோமீட்டர் என்பதால் ஒரு கட்டம் சுமார் பத்து கிலோமீட்டர். அட்டையில் 80 கட்டங்களை ஆறு மாதிரி வளைத்து வரைந்து, ஊர்களை நூல் சொல்லும் இடத்தில் குறியுங்கள். ஒன்றிரண்டு கட்டம் முன்பின் ஆனால் பரவாயில்லை.

அடுத்து விதிகள், உயிர் இங்கேதான் இருக்கிறது

ஆடுகிறவர்தான் தண்ணீர். ஆளுக்கு நான்கு புளியங்கொட்டையோடு தலைக்காவேரியில் நில்லுங்கள். தாயம் விழுந்தால்தான் புறப்பட முடியும், அது நம் பழைய விதி. பின்னால் போகவே கூடாது, தண்ணீர் மேட்டுக்கு ஏறாது.

துணையாறு சேரும் கட்டத்தைக் கடந்தால் கொட்டை கூடும். ஹேமாவதி, கபினி, பவானிக்கு மூன்று மூன்று, அமராவதிக்கு இரண்டு, நொய்யலுக்கு ஒன்று. (கரூர்க்காரியான என் அம்மாவுக்கு அமராவதிக்கு இரண்டுதான் என்பதில் இன்னமும் வருத்தம்.)

சிவசமுத்திரத்திலும் ஒகேனக்கல்லிலும் ஒரு பாம்பு வரையுங்கள். பரமபதத்தில் பாம்பு கடித்தால் நஷ்டம், இங்கே லாபம். அருவியில் விழுகிற தண்ணீர் முன்னால்தானே போகும்? எனவே ஐந்து கட்டம் சறுக்கிப் போகலாம். என் மகள் இதை நம்பவே மறுத்தாள், அப்புறம் வேண்டுமென்றே பாம்புக்காகக் காத்திருந்தாள். சிவசமுத்திரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1902-இல் அங்கே மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். இதைச் சறுக்கும்போது சொல்லுங்கள், முன்கூட்டி வேண்டாம்.

கிருஷ்ணராஜ சாகருக்கு ஒரு கிண்ணம், மேட்டூருக்கு ஒரு கிண்ணம். அணைக்கு வந்ததும் கையில் இருப்பதில் பாதியைக் கிண்ணத்தில் போட்டாக வேண்டும். கிண்ணம் பொது. அங்கேயே காத்திருந்து தாயம் போடுகிறவர் வேண்டிய அளவு அள்ளிக்கொள்ளலாம், காத்திருக்க விரும்பாதவர் இருப்பதோடு கிளம்பலாம்.

முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. அங்கே பத்து கொட்டைக்கு மேல் வைத்திருந்தால் மிச்சம் கொள்ளிடத்துக்குப் போய்விடும், வெள்ளத்தை வெளியேற்றும் வழி அது. கல்லணை தாண்டினால் டெல்டா. இரண்டு கொட்டைக்கு ஒரு வயல் பாயும்.

முக்கியமான விதி: பூம்புகாருக்கு முதலில் போனவர் ஜெயித்தவர் இல்லை, அதிக வயல் பாய்ச்சியவர்தான் ஜெயித்தவர். ஆனால் ஒருவர் கடலைத் தொட்டுவிட்டால் மற்றவர்களுக்கு இன்னும் மூன்று ஆட்டம்தான் பாக்கி. பேராசைப்பட்டு அணையிலேயே உட்கார்ந்தால் பயிர் காய்ந்துவிடும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பதும், அது தள்ளிப்போனால் தஞ்சாவூர்ப் பக்கம் குறுவைக்குத் தவிப்பதும் ஏன் என்று இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

வரலாறு, ஒரு கயிறு போதும்

இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடிக்கயிறு கட்டுங்கள். ஒரு சென்டிமீட்டர் பத்து ஆண்டு. ஆட்டத்தில் ஓர் இடத்தைக் கடந்தால் அதற்கான துணி கிளிப்பைக் கயிற்றில் மாட்ட வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் இறந்தது 1799, அதாவது கிட்டத்தட்ட 180 சென்டிமீட்டரில். தஞ்சைப் பெரிய கோயில் 1010, 101 சென்டிமீட்டரில். கல்லணைக்குப் பெயர்போன கரிகாலன் சங்க காலத்தவன், கயிற்றின் தொடக்கத்தில் ஓர் இடத்தில் மாட்டினால் போதும். கரிகாலனுக்கும் ராஜராஜனுக்கும் நடுவில் தொங்கும் வெறுங்கயிற்றைப் பார்த்து, "இவங்க ரெண்டு பேரும் சோழர்தானே, ஏன் இவ்வளவு தூரம்?" என்றாள். அந்த வெறும் இடத்தைப் பற்றியே ஒரு வாரம் ஓட்டினோம்.

கிருஷ்ணராஜ சாகர் (1931), மேட்டூர் (1934) கிளிப்புகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அது ஏன் என்பதை நான் சொல்லவில்லை. ஒரு நாள் அம்மா தாயம் போட்டு கிருஷ்ணராஜ சாகர் கிண்ணத்தை மொத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டார். மகளுக்கு அழுகை. "அம்மாயி, மேல இருக்கறவங்களே எல்லாத்தையும் எடுத்தா கீழ எப்படி?" அழுது முடித்ததும் காகிதம் எடுத்து, ஒருவர் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினாள். அன்றைக்குத்தான் 1924-இல் மைசூரும் சென்னை மாகாணமும் போட்ட ஒப்பந்தத்தைச் சொன்னேன். அதற்கு அடுத்த ஆண்டுதான் மேட்டூர் வேலை தொடங்கியது. அவளே 192.4-இல் ஒரு கிளிப் மாட்டினாள்.

சில நடைமுறை விஷயங்கள்

முதல் நாள் அணை வேண்டாம், ஆறும் அருவியும் மட்டும் போதும். தினம் ஒரு விதி சேருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். தப்பான பெயர் சொன்னால் ஆட்டத்தை நிறுத்தித் திருத்தாதீர்கள், உங்கள் முறை வரும்போது சரியான பெயரைச் சொல்லி நகர்த்துங்கள், அது தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

மதுரை, தேனிக்காரர்கள் வைகையை எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு விதியை மட்டும் மாற்ற வேண்டும். மேற்கே ஓடுகிற பெரியாற்றுத் தண்ணீரை 1895-இல் அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அதனால் அட்டையில் ஒரு ஓட்டை போட்டு, இன்னொரு ஆற்றின் புளியங்கொட்டைகளை அதன் வழியாக வைகைக்குள் தள்ளிவிடுங்கள்.