உப்புக்காற்றில் ஒரு விண்வெளி வண்டி: மாடல் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடலோரத்தில், மண்டபத்திலோ கீழக்கரையிலோ உட்கார்ந்து கற்பனை விண்வெளி டாங்கியின் சிறிய பிளாஸ்டிக் மாடல் செய்கிறவருக்கு முதல் எதிரி காற்றுதான். ஈரக்காற்றில் மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) ஸ்பிரே அடித்தால் வண்டி முழுக்க வெள்ளைப் படலம் படியும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு சட்டென்று குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அங்கே இறங்கி, வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்கிறது. வெயிலுக்கு முன்பே முடித்துவிடலாம் என்று விடியற்காலையில் ஸ்பிரே கேனை எடுக்காதீர்கள்; ஈரப்பதம் அப்போதுதான் அதிகம். வெயில் ஏறி, கடல்காற்று எழும்பாத முற்பகல்தான் தோதான நேரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கேனை மூடி வைத்துவிட்டுத் தூரிகையால் அக்ரிலிக் பெயிண்ட் பூசலாம். ஆடியில் மொட்டைமாடியில் அடித்தால் மணலும் சேர்ந்து ஒட்டும், சொல்லிவிட்டேன்.

ஹார்டுவேர் கடையில் வாங்கும் என்.சி. தின்னர் (பெயிண்ட் கரைப்பான்) வெறும் பிளாஸ்டிக்கில் பட்டால் பாகம் இளகிப் பாழாகும். அக்ரிலிக்கைக் கரைக்க உப்பேறிய போர் தண்ணீரும் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவாமல் பிரைமர் (அடிப்பூச்சு) அடிப்பதும் தப்பு, பாகங்களை வார்த்த அச்சின் எண்ணெய்ப் பிசுக்கில் பெயிண்ட் பிடிக்காது.

கற்பனை வண்டிதானே, எப்படியும் இருக்கலாம் என்பது அடுத்த தவறு. 1/35 அளவில், அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கில், 175 செ.மீ. உயர ஆள் 5 செ.மீ. இருப்பார். அவர் நுழைய முடியாத கதவையும் கால் எட்டாத ஏணியையும் வைத்துவிட்டு, மேலே பழைய டாங்கி மாடல் கிட்டின் உதிரிகளை எத்தனை ஒட்டினாலும் வண்டி பொம்மையாகத்தான் தெரியும்.

துருவிலும் இதே கதை. நிலாவில் ஓடும் வண்டிக்கு எதற்கு ஐயா துரு? அங்கே காற்றும் இல்லை, மழையும் இல்லை. சாம்பல் தூசி போதும். செவ்வாயின் செம்மை, மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடு. அது வண்டியின் மேல் படியும் புழுதி, வண்டியே துருப்பிடித்ததல்ல. பூமியில் ஓடும் வண்டி என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைப் போய்ப் பாருங்கள். துரு ஆணித்தலையிலும் போல்ட்டிலும் தொடங்கிக் கீழ்நோக்கி வழிந்திருக்கும். ஃபைபர் வள்ளத்தின் உடம்பில் துருவே இருக்காது.

பெயிண்ட் உரிந்து துரு தெரிவதைக் காட்ட கல்லுப்பு அருமையான வழி. துரு நிறம் பூசி, நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் வார்னிஷ் அடிக்க வேண்டும். பிறகு உரிந்து தெரிய வேண்டிய இடங்களை மட்டும் தண்ணீரால் நனைத்து உப்பைத் தூவி, அது உலர்ந்ததும் மேல்நிறத்தை மெல்லிய படலமாக அடித்து, உப்பைத் தேய்த்து உதிர்க்க வேண்டும். வாலிநோக்கம் உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறது என்று கைநிறைய அள்ளிக் கொட்டாதீர்கள். ஒரே அளவுக் கற்களாகப் போட்டால் அம்மைத் தழும்பாகிவிடும். பொடியையும் கல்லையும் கலந்து, விளிம்புகளிலும் ஆட்கள் மிதிக்கும் இடங்களிலும் தூவுங்கள். உப்பு காயுமுன் பெயிண்ட் அடித்தால் ஓரங்கள் கசியும். தேய்த்த பிறகு பலர் துணியால் துடைத்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். இடுக்கில் தங்கிய உப்பு நம் ஊர்க் காற்றில் ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும், சில வாரங்களில் பூத்து வெளியே வரும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஒரு நாள் முழுக்க உலர்த்தி, அப்புறம் கடைசி வார்னிஷ் அடியுங்கள்.