சுயாதீனக் கலைஞரின் கைக்கடிகாரத்தை லூப் வைத்துப் பார்ப்பது எப்படி?

பெரிய நிறுவனத்தைச் சாராமல் சொந்தப் பட்டறையில் வேலை செய்யும் சுயாதீனக் கலைஞர் ஒருவர் செய்த மெக்கானிக்கல் கைக்கடிகாரம் பார்வைக்குக் கிடைத்தால், பெரும்பாலோர் முதலில் டயலைப் பார்ப்பார்கள். அடுத்து விலையைக் கேட்பார்கள். இரண்டையும் சற்று ஒத்திவைத்துவிட்டு, கடிகாரத்தைத் திருப்பி, பின்புறக் கண்ணாடி வழியே அதன் மூவ்மென்ட்டை, அதாவது உள்ளே ஓடும் இயந்திரத்தை, முதலில் பார்க்கப் பழகுங்கள். ஆண்டுக்குப் பல்லாயிரம் கடிகாரங்களைச் செய்யும் தொழிற்சாலையில் ஒரு பாகத்தின் மீது செலவிடக்கூடிய நேரத்தை உற்பத்திக் கணக்கு முடிவு செய்கிறது. தன் பெயரைத் தானே டயலில் எழுதிக்கொள்ளும் கலைஞரோ, எங்கே நிறுத்துவது என்பதைத் தானே முடிவு செய்கிறார். அந்த முடிவுகள் எல்லாம் மூவ்மென்ட்டில்தான் பதிவாகியிருக்கின்றன.

இந்தக் கலைஞர்கள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ நிறுவனம் பேட்டரியில் ஓடும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, சுவிட்சர்லாந்தின் மெக்கானிக்கல் கடிகாரத் தொழில் பெரிதும் ஆட்டம் கண்டது. அந்தச் சூழலில், 1985-இல் ஸ்வெண்ட் ஆண்டர்சனும் வின்சென்ட் கலபிரீசும் சேர்ந்து சுயாதீனக் கடிகாரக் கலைஞர்களுக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். பிலிப் துஃபூர், பிரான்சுவா பால் ஜூர்ன், பின்லாந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் பட்டறை வைத்திருக்கும் கரி வூட்டிலைனன், ஐல் ஆஃப் மேன் தீவில் வேலை செய்யும் ரோஜர் ஸ்மித், கொசோவோவில் பிறந்து ஜெனீவாவில் பட்டறை நடத்தும் ரெஜெப் ரெஜெபி ஆகியோர் இன்று இந்த உலகில் அதிகம் பேசப்படுபவர்கள்.

பார்ப்பதற்குத் தேவையான கருவிகள் இரண்டுதான். ஒன்று, கண்ணில் பொருத்திக்கொள்ளும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியான லூப். மூன்று அல்லது நான்கு மடங்கு பெருக்கம் உள்ள லூப் மூவ்மென்ட் முழுவதையும் பார்க்கப் போதுமானது. பத்து மடங்கு லூப்பை விளிம்புகளையும் திருகாணித் தலைகளையும் சோதிக்கும்போது மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே பத்து மடங்கில் பார்த்தால் ஒரு மூலைதான் தெரியும். முழு அமைப்பும் கண்ணுக்குப் பிடிபடாது. மற்றொன்று, ஒரே திசையிலிருந்து வரும் விளக்கு. ஜன்னல் ஓரத்துப் பரவலான வெளிச்சம் எல்லாப் பரப்புகளையும் ஒன்றுபோலக் காட்டிவிடும். மேசை விளக்கின் கீழ் மென்மையான துணியை விரித்து, அதற்குச் சற்று மேலே கடிகாரத்தைப் பிடித்து, மிக மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். மெருகு என்பது ஒளி நகரும்போதுதான் தெரியும் என்பதால், அசையாமல் பிடித்துப் பார்ப்பதும் புகைப்படத்தில் பார்ப்பதும் ஏறக்குறைய ஒன்றே.

முதலில் பிரிட்ஜ்களின் விளிம்பைப் பாருங்கள். சக்கரங்களையும் சுருள்வில்லையும் தாங்கிப் பிடிக்கும் தகடுகளைத்தான் பிரிட்ஜ் என்கிறோம். மேற்பரப்பும் பக்கச் சுவரும் சந்திக்கும் இடத்தில் ஒரு சரிவு வெட்டப்பட்டு, கண்ணாடிபோல மெருகேற்றப்பட்டிருக்கும். இந்தச் சரிவை இயந்திரமும் வெட்டும். ஆனால் இயந்திரம் வெட்டிய சரிவு பெரும்பாலும் தட்டையாகவும் குறுகலாகவும் இருக்கும். அரத்தால் வடிவமைத்துக் கையால் மெருகேற்றிய சரிவு அகலமாகவும் சற்றே உருண்டும் இருக்கும். கடிகாரத்தைச் சாய்க்கும்போது ஒளி அதன்மீது ஒரு கோடாக ஓடி, அகன்று, மறுபடி மெலிவதைக் காணலாம்.

அடுத்து, அந்தச் சரிவு உள்நோக்கித் திரும்பும் மூலையைத் தேடுங்கள். என்னைக் கேட்டால் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றாலும் இதைத்தான் பார்க்க வேண்டும். சுழலும் வெட்டுக்கருவிக்கு ஒரு விட்டம் உண்டு. ஆகவே அது உள் மூலைக்குள் போகும்போது வளைவைத்தான் விட்டுச் செல்லும். இரண்டு சரிவுகளும் கத்திமுனைபோல ஒரே கோட்டில் சந்திக்க வேண்டுமானால், ஒருவர் உட்கார்ந்து அரத்தாலும் மரக்குச்சியாலும் அந்த மூலையை முடித்தாக வேண்டும். இரு பக்கமும் சம அகலத்தில் வந்து, சந்திக்கும் கோடு சிறிதும் வளையாமல் மூலையின் நடுவில் விழுந்திருந்தால், அது தேர்ந்த கையின் வேலை. செலவைக் குறைக்க விரும்பும் வடிவமைப்பாளர் செய்யும் முதல் காரியமே, பிரிட்ஜ்களின் வடிவத்தில் உள் மூலைகளே வராமல் பார்த்துக்கொள்வதுதான். ஆகவே மூலைகள் எவ்வளவு நன்றாக இருக்கின்றன என்பதோடு, எத்தனை இருக்கின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இதற்குப் பாடமாக வைக்கத் தகுந்த கடிகாரம் துஃபூரின் சிம்ப்ளிசிட்டி. 1948-இல் சுவிட்சர்லாந்தின் ழூ பள்ளத்தாக்கில் பிறந்த துஃபூர், ஒலி எழுப்பி மணி சொல்லும் மிகச் சிக்கலான கிராண்ட் சோனரி அமைப்பை 1992-இல் கைக்கடிகாரத்துக்குள் கொண்டுவந்தவர். அவரே 2000-இல் மணி, நிமிடம், ஒரு சிறு நொடி முள் ஆகியவற்றை மட்டும் காட்டும் கடிகாரத்தை வெளியிட்டார். 34 அல்லது 37 மில்லிமீட்டர் அளவு, தேதிகூடக் கிடையாது. பின்னால் ஒளிந்துகொள்ளச் சிக்கலான அமைப்பு எதுவும் இல்லாததால் மெருகு மட்டுமே பேச வேண்டிய நிலை. அதன் சரிவுகளுக்கு இறுதி மெருகேற்ற, அந்தப் பள்ளத்தாக்கில் வளரும் ஜென்ஷியன் செடியின் காய்ந்த தண்டை அவர் பயன்படுத்துகிறார். தண்டை வேண்டிய வடிவில் சீவி, மெருகுப் பசையைத் தொட்டு, சரிவின் வழியே மீண்டும் மீண்டும் தேய்க்கிறார்கள். உலோகத்தைக் கீறாத அளவு மென்மையும், பசையைப் பிடித்துக்கொள்ளும் நார்த்தன்மையும் அதற்கு உண்டு. ஏறத்தாழ 200 சிம்ப்ளிசிட்டி கடிகாரங்களே செய்யப்பட்டன.

சரிவுகளுக்குப் பிறகு எஃகுப் பாகங்களுக்கு வாருங்கள். கருமெருகு என்று கடிகாரக்காரர்கள் சொல்லும் வேலையை அங்கே காணலாம். ஈயம்போல மென்மையான வெள்ளீயத் தகட்டின்மீது வைரத்தூள் பசையைத் தடவி, எஃகுப் பாகத்தை அதன்மேல் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, கீறல் என்று சொல்ல எதுவும் மிஞ்சாத சமதளமாக்குவார்கள். ஒளியெல்லாம் ஒரே திசையில் திரும்பிவிடுவதால், ஒரு கோணத்தில் அந்தப் பாகம் பளீரென்று வெள்ளையாகவும், சற்றே சாய்த்தவுடன் முழுக் கறுப்பாகவும் தெரியும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் நிறம் நீடித்தாலோ, பாகத்தின் ஒரு முனை முந்தியும் மறு முனை பிந்தியும் கறுத்தாலோ, தளம் முழுமையாகச் சமமாகவில்லை என்று அறியலாம்.

திருகாணித் தலைகளையும் அப்படியே சோதியுங்கள். தலையில் உள்ள பள்ளத்தின் ஓரங்களுக்கும் சிறு சரிவு இருக்கிறதா, திருப்புளி வழுக்கிய தடயம் இருக்கிறதா என்று பாருங்கள். நீலத் திருகாணிகள் என்றால், எஃகைச் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்போது வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா எனக் கடந்து நீலத்துக்கு வரும் தருணத்தில் நிறுத்தியதால் கிடைத்த நிறமாக இருக்க வேண்டும். அந்த நீலம் நிழலில் கறுப்பை ஒட்டியும் வெளிச்சத்தில் துலக்கமாகவும் மாறும். பூசப்பட்ட நீலம் எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி நிற்கும்.

பிரிட்ஜ்களின் மேற்பரப்பில் அலையலையாக ஓடும் ஜெனீவா வரிகளைத் தேடிவிட்டு, அவை இல்லையென்றால் மெருகு குறைவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரோஜர் ஸ்மித்தின் கடிகாரங்களில் ஆங்கில மரபுப்படி, தகடுகள் பனி படிந்தாற்போலச் சொரசொரப்பாக்கப்பட்டுத் தங்கமுலாம் பூசப்பட்டிருக்கும். முன்னும் பின்னும் ஆடிக் கடிகாரத்தின் வேகத்தை நிர்ணயிக்கும் பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் பாகத்தில் கையால் செதுக்கிய கொடிவேலைப்பாடு இருக்கும். நெதர்லாந்தின் ஓல்டன்சால் நகரில் வேலை செய்யும் குரோனஃபெல்ட் சகோதரர்கள், தங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய வீடுகளின் மணிவடிவ முகப்பை நினைவூட்டும் பிரிட்ஜ்களைத் துருப்பிடிக்காத எஃகில் செய்கிறார்கள். பித்தளையையும், ஜெர்மன் சில்வர் என்னும் செம்புக் கலவையையும் விட எஃகு கடினமானது என்பதால் அதில் ஒவ்வொரு உள் மூலைக்கும் கூடுதல் உழைப்பு தேவை. எந்த மரபில் செய்யப்பட்டதோ அந்த மரபின் அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

இப்படிப்பட்ட கடிகாரங்களை அடிக்கடி பார்க்க வாய்ப்பில்லாதவர்களும் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம். எச்.எம்.டி. ஜனதா போன்ற கைச்சாவிக் கடிகாரம் ஒன்று பல வீடுகளின் அலமாரியில் இன்னும் கிடக்கிறது. நம்பகமான கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, அதே லூப்பை வைத்துப் பாருங்கள். அச்சுகளைத் தாங்கும் 17 கற்கள், சுருள்வில், சக்கர வரிசை, பேலன்ஸ் என அடிப்படை உறுப்புகள் எல்லாம் அங்கேயும் உண்டு. அது சாமானியருக்கு நேரம் காட்டுவதற்காக நேர்மையாகச் செய்யப்பட்ட கருவி. அதன் தகடுகளின் விளிம்பு வெட்டியபடியே நிற்பதில் குறை சொல்ல எதுவுமில்லை. அதை நன்றாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான், துஃபூர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பது விளங்கும்.

இனி டயலுக்குத் திரும்பலாம். கில்லோஷே எனப்படும் நுண்கோட்டு வேலைப்பாடு கையால் சுழற்றும் பழைய இயந்திரத்தில் வெட்டப்பட்டிருந்தால், ஒவ்வொரு கோட்டின் முகடும் கூர்மையாக நின்று ஒளியைச் சிதறடிக்கும். அச்சில் அழுத்தி எடுத்ததாயிருந்தால் முகடுகள் மழுங்கியிருக்கும். வூட்டிலைனனின் டயல்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கண்ணாடித்தூளை உருக்கிப் படியவைத்த எனாமல் டயல் 800 டிகிரிக்கும் மேற்பட்ட சூளையில் பலமுறை சுடப்படுவது. அதன் வெண்மைக்கு ஓர் ஆழம் உண்டு. முள்களின் நீளத்தையும் கவனியுங்கள். நிமிட முள் நிமிடக் கோட்டைச் சரியாகத் தொட வேண்டும். எட்டாமல் நிற்கும் முள்ளை ஒரு நல்ல கலைஞர் ஏற்கமாட்டார்.

அதன் பிறகு அனுமதி கேட்டுச் சாவி கொடுத்துப் பாருங்கள். விரலில் உணரும் ஒவ்வொரு சொடுக்கும் சீராக இருக்க வேண்டும். கடிகாரத்தைக் காதருகே வையுங்கள். மணிக்கு 18,000 துடிப்பு என்றால் நொடிக்கு ஐந்து. இன்றைய தொழிற்சாலைக் கடிகாரங்கள் பலவற்றில் 28,800, அதாவது நொடிக்கு எட்டு. சுயாதீனக் கலைஞர்களில் பலர் மெதுவான துடிப்பையும் பெரிய பேலன்ஸ் சக்கரத்தையும் விரும்பித் தேர்கிறார்கள். சக்கரத்தின் ஊசலாட்டத்தைக் கண்ணாலேயே பின்தொடர முடிவது அதன் தனி இன்பம்.

மெருகு எவ்வளவு உயர்ந்ததாயினும், கடிகாரத்துக்குள் ஒரு சிந்தனை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். ஜூர்ன் 2000-இல் வெளியிட்ட ரெசனான்ஸ் கடிகாரத்தில் இரண்டு பேலன்ஸ் சக்கரங்கள் அருகருகே ஆடுகின்றன. இரண்டுக்கும் தனித்தனிச் சக்கர வரிசை. இடையே பல்லோ கம்பியோ இல்லை. தாங்கும் தகட்டின் வழியே கடக்கும் நுண்ணிய அதிர்வு மட்டுமே அவற்றை ஒரே தாளத்துக்குக் கொண்டுவருகிறது. ஊசல் கடிகாரங்களில் இதை 17-ஆம் நூற்றாண்டிலேயே டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் கவனித்தார். 2004 முதல் ஜூர்ன் தன் மூவ்மென்ட்களை 18 காரட் ரோஜாத் தங்கத்தில் செய்துவருகிறார். ஆனாலும் எனக்கு அந்தத் தங்கத்தைவிட, தொடாமலே ஒத்திசையும் அந்த இரு சக்கரங்களே பெரிதாகப் படுகின்றன. அதுபோலவே ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸ் 1970-களில் கண்டுபிடித்த கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்ட் (சுருள்வில்லின் விசையைச் சிறிது சிறிதாகப் பேலன்ஸுக்கு விடும் அமைப்பு), உராய்வைக் குறைத்து எண்ணெயை நம்பியிருக்கும் தேவையையும் குறைத்தது. 1999-இல் ஒமேகா அதைத் தொழிற்சாலைக் கடிகாரத்தில் கொண்டுவந்தது.

நேரில் பார்க்க விரும்புபவர்களுக்குப் பெரிய ஏல நிறுவனங்களின் முன்காட்சிகள் சிறந்த வழி. வாங்கும் எண்ணம் இல்லாதவரும் போகலாம். கேட்டால் கடிகாரத்தைக் கையில் தருவார்கள். வளைகுடாவில் வாழும் தமிழர்களுக்கு, சுயாதீனக் கலைஞர்கள் பலர் நேரில் வரும் துபாய் வாட்ச் வீக் எளிதில் எட்டக்கூடியது. கலைஞரைச் சந்தித்தால் விலையை விட்டுவிட்டு, இந்த மூலையை யார் முடித்தார், டயலும், மூவ்மென்ட்டை உள்ளடக்கும் வெளிப் பெட்டியும் எங்கே செய்யப்பட்டன என்று கேளுங்கள். பெட்டியை வேறொரு கைவினைஞரிடம் கொடுத்துச் செய்வது இந்தத் தொழிலில் மதிப்புக்குரிய வழக்கம். நல்ல கலைஞர் அந்தக் கைவினைஞரின் பெயரைப் பெருமையுடன் சொல்வார்.

வாங்கவே முடிவு செய்தவர்கள் உச்சத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆஸ்திரியாவின் ஹாப்ரிங் தம்பதியும் ஜெர்மனியின் ஸ்டெபான் குடோகேயும், மேலே சொன்னவர்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த விலையில் உண்மையான பட்டறைக் கடிகாரங்களைத் தருகிறார்கள். யாரிடம் வாங்கினாலும், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதை யார் பழுதுபார்ப்பார் என்ற கேள்வியை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். டேனியல்ஸ் 2011-இல் மறைந்த பிறகும் அவர் கடிகாரங்களைக் கவனிக்க அவரிடம் தொழில் கற்ற ரோஜர் ஸ்மித்தின் பட்டறை இருக்கிறது. எல்லோருக்கும் அப்படி ஒரு வாரிசு அமைவதில்லை. மூவ்மென்ட்டின் வரைபடங்கள் பாதுகாக்கப்படுகின்றனவா, உதிரிப் பாகங்கள் சேர்த்து வைக்கப்படுகின்றனவா, பட்டறையில் கலைஞருக்கு அடுத்து யார் இருக்கிறார் என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கி, கடிகாரத்தின் ஆவணங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.