கழகப் போட்டிக்குப் படம் அனுப்புமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் கமராவைத் தூக்கிக்கொண்டு புறப்படுபவர் வெறுங்கையோடு வீடு திரும்பும் நாள் அரிது. காலையில் கடலுக்கு மேலே எழும் சூரியன், உப்புவெளிக் கரையில் நின்று, கடலில் வளைத்துப் போட்ட கரைவலையை இழுப்பவர்கள், கோட்டைக்குள் ஆள் நடமாட்டத்துக்கு அஞ்சாமல் மேயும் புள்ளிமான்கள், புறாமலைத் தீவைச் சுற்றியுள்ள தெளிந்த நீர், கன்னியாவில் வெந்நீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்பவர்கள் என்று எடுப்பதற்கு எப்போதும் ஏதாவது இருக்கும். ஆனாலும் கழகப் போட்டிகளில் நல்ல படம் எடுக்கத் தெரிந்தவர்களே மாதக்கணக்காக எந்த இடமும் கிடைக்காமல் சோர்ந்து போவதைக் கண்டிருக்கிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் எங்களுடைய சிறிய ஒளிப்படக் கழகத்தில் போட்டிப் படங்களைச் சேகரித்து நடுவரிடம் ஒப்படைக்கும் வேலை சில காலம் என் கையில் இருந்தது. அப்போது நான் கண்டுகொண்டது, பெரும்பாலான படங்கள் எடுக்கும்போது தோற்பதில்லை, தெரிவு செய்யும்போதும் அனுப்பும்போதும்தான் தோற்கின்றன என்பதே.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, படத்தைப் பார்த்துத் தெரிவு செய்யாமல், அதை எடுத்த நாளை நினைத்துத் தெரிவு செய்வது. இதை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். ஒருமுறை கரைவலைப் படம் ஒன்றுக்காக மூன்று வாரம் தொடர்ந்து விடியுமுன் எழுந்து உப்புவெளிக்குச் சென்றேன். முதல் நாள் மழை, அடுத்த வாரம் வலை வளைக்கவில்லை, மூன்றாம் வாரம் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் என்னை அடையாளம் கண்டு தேநீர் தந்தார். அன்று எடுத்த படத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கயிற்றைப் பிடித்தபடி பின்னோக்கிச் சாய்ந்து நிற்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் வானம் சிவந்திருக்கிறது. அதைத்தான் போட்டிக்குக் கொடுத்தேன். முதற்சுற்றிலேயே அது ஒதுக்கப்பட்டது. கூட்டம் முடிந்ததும் கழகத்தின் மூத்த உறுப்பினர் ஒருவரிடம் காரணம் கேட்டேன். அவர் படத்தை மறுபடி திரையில் போட்டுக் காட்டினார். "தம்பி, மூண்டு கிழமை அலைஞ்சது உங்கட மனசில இருக்கு, படத்தில இல்லை. எனக்கு இதில ஆக்களின்ர முதுகுதான் தெரியுது," என்றார். உண்மைதான். பன்னிரண்டு பேரில் ஒருவருடைய முகம்கூடத் தெரியவில்லை. கயிறு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதும் புலப்படவில்லை. வலது ஓரத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் கான் ஒன்று, படத்திலேயே மிகப் பிரகாசமான பொருளாக, கண்ணை அங்கேயே இழுத்துக்கொண்டிருந்தது. அதே காலையில் எடுத்த வேறொரு படத்தை நான் பொருட்படுத்தவே இல்லை. ஒரு கிழவரின் இரண்டு கைகள், உப்பு ஊறி வெளுத்த கயிறு, அதில் சொட்டி நிற்கும் நீர், அவ்வளவுதான் அதில் இருந்தது. அதை எடுக்க நான் எந்தச் சிரமமும் படவில்லை என்பதாலேயே அது என் கண்ணில் படாமல் போனது.

நடுவருக்கு நம் பயணமும் தூக்கம் கெட்டதும் தெரியாது. படத்தின் நான்கு எல்லைக்குள் இருப்பது மட்டுமே அவருக்குத் தெரியும். ஆகவே எடுத்த படங்களை உடனே அனுப்பாமல், இயலுமானால் ஒரு மாதம் கிடப்பில் போட்டுவிட்டுப் பார்ப்பது நல்லது. அதற்குள் எடுத்த நாளின் பரவசம் தணிந்துவிடும். படத்தைச் சிறிதாக்கி, கைத்தொலைபேசித் திரையில் ஒரு நெல்லிக்காய் அளவுக்குக் குறைத்துப் பார்த்தாலும் அதில் கண் எங்கே போகிறது என்பது விளங்கிவிடும். தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும் பழைய வழக்கமே. மனிதரையும் கோயிலையும் அடையாளம் காணும் பழக்கம் நீங்கி, வெளிச்சமும் இருளும் எங்கெங்கே கிடக்கின்றன என்பது மட்டும் தெரியும். ஒளிப்படத்தில் ஈடுபாடில்லாத ஒருவரிடம் இரண்டு படங்களைக் காட்டி, எதுவும் சொல்லாமல், அவர் எதை நீண்ட நேரம் பார்க்கிறார் என்று கவனிப்பது இவை எல்லாவற்றையும்விட உதவும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது தவறு, பிரிவின் வரையறையை வாசிக்காமல் விடுவது. இயற்கைப் பிரிவில்தான் இது மிகுதி. ஃபியாப் எனப்படும் சர்வதேச ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பு, பிஎஸ்ஏ எனப்படும் அமெரிக்க ஒளிப்படச் சங்கம், பிரித்தானியாவின் அரச ஒளிப்படச் சங்கம் ஆகிய மூன்றும் இயற்கைப் படத்துக்குப் பொதுவான ஒரு வரையறையை ஏற்றுக்கொண்டன. உள்ளூர்க் கழகங்கள் பலவும் அதையே தழுவிக்கொள்கின்றன. அதன்படி, ஓரங்களை வெட்டிச் சிறிதாக்குவதைத் தவிர, படத்தில் உள்ள எதையும் நீக்கவோ, புதிதாகச் சேர்க்கவோ, இடம் மாற்றவோ கூடாது. கமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சென்சரில் படிந்த தூசிப் புள்ளியை அழிக்கலாம், மானின் முகத்துக்குக் குறுக்கே நிற்கும் புல்லை அழிக்கக் கூடாது. மனிதர் அமைத்தவையும், அந்த இயற்கைக் கதைக்கு இன்றியமையாத பகுதியாக இருந்தாலன்றி, இடம்பெறலாகாது. இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்க்காரர் தடுமாறுகிறோம். பிரெட்ரிக் கோட்டையின் புள்ளிமான் எவ்வளவு அழகாக நின்றாலும், பின்னால் கோட்டைச் சுவரும் நிறுத்திய முச்சக்கரவண்டியும் தெரிந்தால் அது இயற்கைப் பிரிவுக்குப் பொருந்தாது. அதே படத்தை, எந்தப் பொருளிலும் படம் கொடுக்கக்கூடிய திறந்த பிரிவில், மனிதரும் மானும் ஒரே மலையில் சேர்ந்து வாழும் படமாகக் கொடுத்தால் அதற்கு உரிய மதிப்புக் கிடைக்கும். அங்கே சுவர் குறை ஆகாது, அதுவே கதையாகும்.

கறுப்பு வெள்ளைப் பிரிவிலும் ஒரு நுட்பம் உண்டு. முழுப் படத்துக்கும் ஒரே நிறச் சாயம் ஏற்றியிருந்தால், உதாரணமாகப் பழுப்பு, ஃபியாப் வரையறையில் அது ஒற்றை வண்ணப் படமாகவே கொள்ளப்படும். ஆனால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு, பெண்ணின் நெற்றிப் பொட்டை மட்டும் சிவப்பாக விட்டுவைத்தால் அது வண்ணப் படம் ஆகிவிடும். கழகத்தில் சேர்ந்த புதிதில் பலருக்கும் இந்த ஆசை வருவது இயல்பு. அந்தச் சிவப்புப் பொட்டோடு அதை வண்ணப் பிரிவில் தாராளமாகக் கொடுக்கலாம்.

அடுத்தது, எல்லோரும் நிற்கும் இடத்தில் நின்று எடுத்த படத்தை அனுப்புவது. டச்சுக்குடாக் கரையிலிருந்து தெரியும் சுவாமிமலைப் பாறையும் அதன்மேல் உள்ள திருக்கோணேஸ்வரக் கோயிலும், அந்தப் பாறையின் பிளவான இராவணன் வெட்டின் மேலிருந்து கீழே பார்க்கும் கடல், கோயில் வாசலில் உயர்ந்து அமர்ந்திருக்கும் சிவன் சிலை ஆகியவற்றை எங்கள் நடுவர்கள் நூற்றுக்கணக்கான தடவை பார்த்திருப்பார்கள். அந்த இடங்களை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் எடுக்கிறேன், இனியும் எடுப்பேன். ஆனால் அவை போட்டிக்குப் போவதாயிருந்தால், அந்த ஒரு நாளுக்கு மட்டும் உரிய ஏதாவது அதில் இருக்க வேண்டும். மாரிக்காலத்தில் கடல் கலங்கிப் பாறையில் மோதும் நேரம், நேர்த்திக்காகக் கட்டப்பட்ட தொட்டில்கள் காற்றில் ஒருபக்கமாகச் சாயும் கணம், நடை சாத்திய பின் படியில் தனியாக அமர்ந்திருக்கும் ஒருவர் போன்றவை அந்தப் பழகிய இடத்தைப் புதிதாக்கும்.

கணினியில் செய்யும் மெருகூட்டலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் படங்களில் பெரும்பாலும் கடல் இருக்கும், கடல் இருந்தால் அடிவானக் கோடு இருக்கும். அந்தக் கோடு ஒரு பாகை சரிந்திருந்தாலும், 1920 பிக்சல் அகலமுள்ள படத்தில் ஓர் ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் இடையே ஏறத்தாழ 33 பிக்சல் உயர வேறுபாடு வரும். கைத்தொலைபேசியில் அது தெரியாமல் போகலாம், ஆனால் மண்டபத்துத் திரையில் கடல் ஒருபக்கமாக வழிவது போலத் தோன்றும். நிமிர்த்துவதற்கு அரை நிமிடம் போதும். எஃப் 16, எஃப் 22 போன்ற சிறிய லென்ஸ் துவாரத்தில் எடுத்த வானத்தில் சென்சர்த் தூசி சாம்பல் பொட்டுகளாகத் தெரியும். படத்தை நூறு வீதத்துக்குப் பெருப்பித்து வானத்தை மூலை முதல் மூலை வரை பார்க்காமல் அனுப்பலாகாது. விடியற்காலைச் செம்மையைக் கூட்டிக் கூட்டிச் செம்மஞ்சள் சாந்து பூசியது போல ஆக்குவதும், சுவாமிமலையின் விளிம்பைச் சுற்றி வெள்ளை ஒளிக்கோடு தோன்றும் அளவுக்குக் கூர்மையை ஏற்றுவதும், நிழலை முழுவதும் வெளிச்சமாக்கிப் படத்தைத் தட்டையாக்குவதும் நாம் அடிக்கடி செய்யும் பிழைகள். இருள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும். மெருகூட்டி முடிந்ததும் ஓர் இரவு விட்டுவிட்டு, காலையில் மூலப் படத்தையும் திருத்திய படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதல்நாள் செய்தவற்றில் பாதியைக் குறைக்கத் தோன்றும்.

கோப்பை ஆயத்தம் செய்வதில் நேரும் பிழைகள் சிறியவை, ஆனால் இரக்கமற்றவை. அகலம் 1920, உயரம் 1080 பிக்சலுக்கு மேற்படக் கூடாது என்று விதி சொன்னால், நிமிர்ந்த படத்துக்கும் உயரம் 1080தான். அதாவது 2:3 விகிதப் படம் 720 பிக்சல் அகலமே கொள்ளும். பலர் அதை 1080 அகலமும் 1920 உயரமுமாக அனுப்பிவிட்டு, படம் ஏற்கப்படவில்லையே என்று கவலைப்படுகிறார்கள். கோப்பு, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் இருக்க வேண்டும். அதைவிட விரிந்த நிறவெளியான அடோபி ஆர்ஜிபியில் விட்டுவிட்டால், அதை உணராத கணினியில் நிறங்கள் மங்கிச் சோர்ந்து தெரியும். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பக் கூடாது, அது படத்தைச் சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்தால் சுருங்காது, மின்னஞ்சல் இன்னும் பாதுகாப்பானது. படத்தின் மூலையில் பெயரோ முத்திரையோ பொறிக்கக் கூடாது, ஏனெனில் யாருடைய படம் என்று தெரியாமல் தீர்ப்பளிப்பதே நடுவரின் கடமை. அதே காரணத்துக்காக, தீர்ப்பு வரும்வரை அந்தப் படத்தை முகநூலில் போடாமல் பொறுத்திருப்பது முறை.

அச்சுப் போட்டியில் படம் இருண்டு வருவதே முதல் முறைப்பாடு. காரணம் பெரும்பாலும் அச்சுக்கூடத்தில் இல்லை. நம் கணினித் திரையின் பிரகாசம் மிக அதிகமாக இருப்பதால் படம் போதிய வெளிச்சத்தோடு இருப்பதாக நாம் நம்பிவிடுகிறோம், காகிதத்துக்கோ சொந்த வெளிச்சம் கிடையாது. திரையைக் குறைத்துவைத்துத் திருத்தி, முதலில் சிறிய அளவில் ஒரு சோதனை அச்சு எடுத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்த பின் பெரிதாக அச்சிடுங்கள். விகிதத்தையும் மறந்துவிடலாகாது. 2:3 விகிதக் கோப்பு 12×18 அங்குலத் தாளில் முழுமையாகப் பொருந்தும். அதையே 12×15இல் அச்சிட்டால் நீளப்பக்கத்தில் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்படும். எங்கே வெட்டுவது என்பதை நாமே தீர்மானித்துக் கொடுக்காவிட்டால் அச்சிடுபவர் தீர்மானிப்பார், வள்ளத்தின் மூக்கு போய்விடும்.

உண்மை பற்றியும் சொல்லியாக வேண்டும். 2009ஆம் ஆண்டுக்கான வனவிலங்கு ஒளிப்படக்காரர் விருதை வென்ற ஓநாய்ப் படம், அந்த ஓநாய் பழக்கப்பட்ட விலங்காக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவு செய்ததால், 2010 ஜனவரியில் தகுதி நீக்கப்பட்டது. 2023இல் சோனி உலக ஒளிப்பட விருதில் ஒரு பிரிவை வென்ற ஜேர்மன் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், தமது படம் செயற்கை நுண்ணறிவால் உருவானது என்று அறிவித்து விருதை ஏற்க மறுத்தார். உலக அரங்கில் எழுந்த இதே கேள்வி உள்ளூர்க் கழகத்திலும் எழும். மூலக் கோப்பை, இயலுமானால் கமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரோ வடிவில், அழிக்காமல் வைத்திருங்கள். கேட்டால் உடனே காட்டக்கூடியவராக இருங்கள். கரையில் உழைப்பவரையும் குழந்தைகளையும் எடுக்கும்போது அவர்களிடமோ பெற்றோரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். கடற்படையும் விமானப்படையும் தரைப்படையும் நிலைகொண்டுள்ள ஊர் இது. காவலரணும் தளமும் தெரியும்படி எடுப்பதும், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளை அறியாமல் ட்ரோன் பறக்கவிடுவதும் படத்தோடு முடிகிற பிரச்சினைகள் அல்ல. புறாமலை தேசியப் பூங்காவில் நல்ல கோணத்துக்காகப் பவளப் பாறைமேல் காலூன்றி நிற்பதை நான் எந்தப் பரிசுக்காகவும் ஏற்கமாட்டேன்.

கடைசியாக, தீர்ப்பு நாளில் நேரும் தவறுகள். நடுவர் பேசும்போது குறுக்கிட்டு, படம் எடுத்த சூழ்நிலையை விளக்கத் தொடங்குவது வேண்டாம். படத்தில் இல்லாததை வாயால் சேர்க்க முடியாது. அதேபோல, ஒரு நடுவர் பாராட்டிய பாணியை அடுத்த மாதமே எல்லோரும் பின்பற்றுவதும் பயன் தராது, ஏனெனில் அடுத்த மாதம் வேறு நடுவர் வருவார். மற்றவர் படங்களுக்குச் சொல்லப்படும் குறைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் படம் திரையில் இருக்கும்போது நெஞ்சு படபடப்பதில் பாதி வார்த்தை காதில் விழாது, பிறர் படத்துக்குச் சொல்வது தெளிவாகக் கேட்கும். தோற்ற படத்தைத் திருத்தி மறுபடி கொடுக்கலாமா என்பதைக் கழகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். முன்பு இடம்பெற்ற வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி மீண்டும் தருவதைச் சில கழகங்கள் அனுமதிப்பதில்லை. நான் அடுத்த போட்டிக்கு அந்தக் கிழவரின் கைகளைக் கொடுத்தேன். மூன்றாம் இடம் கிடைத்தது. அச்சை எடுத்துக்கொண்டு போய் உப்புவெளியில் அவரிடமே கொடுத்தபோது, அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "கயிறு பழசாப் போச்சு, மாத்த வேணும்," என்றார்.