ஒரே நெக்கில் ஈ9, பி6: பெடல் ஸ்டீல் கிட்டாரில் லீவர் லாக் பயன்படுத்துவது எப்படி

பெடல் ஸ்டீல் என்பது கிடையாக வைத்து, கம்பிகளின் மேல் உலோக பாரை நகர்த்தி வாசிக்கும் கிட்டார். காலால் மிதிக்கும் பெடல்களும் முட்டியால் தள்ளும் லீவர்களும் அதன் கம்பிகளின் சுரத்தை மாற்றும். அதைப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் நாஷ்வில்லின் ஈ9 சுருதியில்தான் தொடங்குகிறார்கள். கன்ட்ரி பாடல்களில் உருகி இழையும் அந்த ஓசை அதில்தான் அமைகிறது. வெஸ்டர்ன் ஸ்விங், ஜாஸ் பக்கம் மனசு போனால் சி6 என்ற வேறொரு சுருதி தேவைப்படும். இரண்டும் வேண்டுமென்றால், ஒவ்வொரு சுருதிக்கும் தனிக் கம்பி வரிசை (நெக்) உள்ள இரட்டை நெக் கிட்டார் வாங்கலாம். எடையும் கூடும், விலையும் கூடும். இரண்டையும் ஒரே நெக்கில் தரும் 12 கம்பி யுனிவர்சல் கிட்டாரில் ஒரே ஒரு முட்டி லீவரைப் பூட்டினாலே போதும்: ஈ9 பி6 ஆகிவிடும், அது அரைச் சுரம் இறங்கிய சி6தான். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும்.

முதலில் எந்த லீவர் என்று பார்த்துவிடுவோம். ஈ கம்பிகளை அரைச் சுரம் இறக்கும் லீவர்தான் அது. இடது முட்டியா, வலது முட்டியா என்பது கிட்டாருக்குக் கிட்டார் மாறும். அதனால் முட்டியால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். 4ஆம், 8ஆம் கம்பிகள் ஈ-யிலிருந்து டி ஷார்ப்புக்கு இறங்கினால் அதுதான். பிறகு குனிந்து அந்த லீவரின் அடிப்பாகத்தைப் பாருங்கள். லாக் என்பது லீவரை அழுத்திய நிலையிலேயே பிடித்து நிறுத்தும் சின்னப் பிடிப்பு. சிலவற்றில் கொக்கி போல மடங்கும், சிலவற்றில் விரலால் தள்ள வேண்டும்.

பூட்டினால் என்ன நடக்கிறது? யுனிவர்சலில் 4 முதல் 12 வரையான கம்பிகள் ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், ஈ, பி என்று இருக்கும். 4ம் 8ம் இறங்கியதும் டி ஷார்ப், பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், டி ஷார்ப், பி, ஜி ஷார்ப், ஈ, பி. இது சி6 நெக்கின் 2 முதல் 10 வரையான கம்பிகளேதான், அரைச் சுரம் கீழே. 11ஆம் கம்பியின் ஈ இறங்காமல் இருப்பதும் கணக்கோடுதான். சி6-இல் அந்த இடத்தில் எஃப் இருக்கிறது.

இனி சுருதி சேர்ப்பது. இங்கே அவசரம் வேண்டாம். லாக்கைத் திறந்து வைத்து, எல்லாக் கம்பிகளையும் இடது பக்க முறுக்காணிகளில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் லீவரை முட்டியால் கடைசி வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, 4ஐயும் 8ஐயும் டி ஷார்ப்பில் நிறுத்துங்கள். இதற்கு முறுக்காணியைத் தொடக் கூடாது. வலது பக்கத் தகட்டில் தெரியும் நைலான் நட்டுகளைத்தான் அதற்குரிய சாவியால் திருப்ப வேண்டும். சரியாக வந்ததும் லாக்கைப் போட்டு, முட்டியை எடுத்துவிட்டு, அதே கம்பியை மறுபடி மீட்டுங்கள். ட்யூனரின் முள் அதே இடத்தில் நின்றால் நல்லது. கொஞ்சம் மேலே ஏறி நின்றால், லாக் லீவரை அதன் தடுப்பு வரை கொண்டுபோய் நிறுத்தவில்லை, சற்று முன்னாலேயே பிடித்துவிட்டது என்று பொருள். அப்போது சரிசெய்ய வேண்டியது லாக்கைத்தான். நைலான் நட்டைத் திருப்பிச் சமாளித்தால், அடுத்த முறை முட்டியால் அழுத்தும்போது சுருதி தேவைக்கு மேல் இறங்கிவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்கவே கூடாது. லாக் போட்டிருப்பது தெரியாமல் முறுக்காணியில் 4ஆம் கம்பியை ஈ-க்கு ஏற்றினால், திறந்ததும் அது எஃப்-இல் போய் நிற்கும். மெல்லிய கம்பி அறுந்தும் போகலாம். முறுக்காணியில் கை வைக்கும் முன் லாக்கைப் பாருங்கள்.

வாசிக்க ஆரம்பிக்கலாம். பார் இல்லாமல் மீட்டினால் பி6. பாரை 1ஆம் ஃப்ரெட்டில் வைத்தால் சி6. அதாவது, சி6 நெக்குக்காக எழுதிய எதையும் ஒரு ஃப்ரெட் மேலே தள்ளி வைத்து வாசிக்கலாம். இப்போது பி பெடலை மிதியுங்கள் (பெடல்களுக்கு ஏ, பி, சி என்று பெயர், அவை சுரப் பெயர்கள் அல்ல): ஜி ஷார்ப் கம்பிகள் ஏ-க்கு ஏறி, பி6 பி7 ஆகிவிடும். பூட்டிய லீவரை முட்டி தாங்க வேண்டியதில்லை என்பதால், அதே முட்டிக்கு மறுபக்க லீவர் இருந்தால் அதையும் இயக்கலாம். லாக்கின் உண்மையான லாபம் இதுதான்.

சி பெடலில் மட்டும் கவனம். அது 4ஆம் கம்பியை எஃப் ஷார்ப்புக்கு ஏற்றுகிற பெடல். லாக் அதே கம்பியை இறக்கிப் பிடித்திருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து, எஃப்-ஐ ஒட்டி எங்கோ நிற்கும். அதற்கென்று தனியாகச் சுருதி சேர்க்காதவரை, பூட்டியிருக்கும்போது அந்தக் கம்பியில் சி பெடல் வேண்டாம்.

தொடக்கத்தில் பாட்டின் நடுவே மாற்றப் போகாதீர்கள். ஒரு பாட்டு முழுக்கப் பூட்டியே வாசித்துக் காது பழகட்டும். பிறகு, பாடகர் பாடும் இடத்தில் வால்யூம் பெடலைக் குறைத்துவிட்டு மாற்றிப் பாருங்கள். திறக்கும்போது முதலில் முட்டியால் லீவரை லேசாக அழுத்துங்கள். லாக்கின் மேலுள்ள பாரம் விலகும், கொக்கி தானாக வழிவிடும். பாரத்தோடு பிடுங்கி இழுத்தால் லீவர் படாரென்று திரும்பும். அந்தச் சத்தம் பிக்கப்பிலும் கேட்கும். வாசித்து முடித்துப் பெட்டியில் வைக்கும்போதும் லாக்கைத் திறந்தே வையுங்கள்.